இடைவேளை வரை

அன்றும் தியானம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாசிலாமணி படியேறி வந்தார்.

"மேட்னி விட்டாச்சா ஐயா?" என்றாள் பாய் சுருட்டிக்கொண்டிருந்த இந்திராணி. "தினமும் போறதப் பாத்து, அந்தப் படத்துக்கு நீங்கதான் தயாரிப்பாளர்னு ஊருக்குள்ள பேச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தத் தியான மன்றம். குரு நாகலட்சுமி, மாசிலாமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல மாசிலாமணியும் அவரை அம்மா என்றே அழைப்பார். மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு மாசிலாமணி குருவின் எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"இங்க கண்ண மூடி உக்காந்தா ஒரு நிமிஷம் நிம்மதி இல்ல. அந்தப் படத்துக்குப் போயி உக்காந்தா இருக்கு. ஏம்மா அப்படி?"

"என்ன படம்?"

"காலத்துல பின்னாடி போற படம். ஒருத்தன் பொண்டாட்டி செத்துப்போயிடுறா. ஒரு மிஷின் செஞ்சு, அவ செத்த அன்னைக்குக் காலையிலேயே திரும்பிப் போயி எறங்குறான். ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறான். பொழைச்சுக்கிறா. அதோட இடைவேளை."

"அப்புறம்?"

"தெரியாது. நான் எந்திரிச்சு வந்துருவேன்."

"ஒரு தடவகூட முழுசாப் பாக்கலையா?"

"அதுக்கப்புறம்தான் திருப்பத்துக்கு மேல திருப்பமாம். ஒண்ண மாத்துனா இன்னொண்ணு கெட்டுப்போகுதாம். பயலுக விசில் அடிக்கிறதே அதுக்குத்தான். எனக்கு அது வேண்டாம்மா. அவ பொழைக்கிற வரைக்கும் போதும்."

மாசிலாமணியின் மனைவி செண்பகம் போன வருஷம் இறந்தாள். அது எப்படி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. குருவும் கேட்டதில்லை.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் குரு.

மறுநாள் தியேட்டரில் கூட்டம் இல்லை. பாதி மின்விசிறிகள் ஓடவில்லை. மாசிலாமணி ஓடுகிற ஒன்றின் கீழ் குருவை உட்கார வைத்தார். சொந்த வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டி வந்தவர்போல, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் கண் திறந்தபோது தேம்பி அழுதார். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினான்.

விளக்குகள் எரிந்தன. இருவரும் வெளியே வந்தார்கள். தேநீர் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஓரமாக நின்றார்கள்.

"உங்க வீட்ல அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றார் குரு.

"காலையில எந்திரிச்சதும் நெஞ்சு கரிக்குதுன்னா. முந்தின நாள் கல்யாண வீட்டுல சாப்பிட்டிருந்தோம். வாயுவா இருக்கும்னேன். சோடா வாங்கிட்டு வந்து, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, உப்புப் போட்டுக் குடுத்தேன். எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல அதான் வைத்தியம். குடிச்சா. ஏப்பம் வந்துச்சு. பாத்தியா, சரியாப்போச்சுன்னேன்."

"ம்."

"கொஞ்ச நேரத்துல வேர்த்துச்சு. தொடைச்சுவிட்டேன். தெருவுக்கு ஓடி ஆட்டோவக் கூப்பிட்டேன். அவளைத் தூக்கி உள்ள உக்கார வெச்சப்ப..."

"ஆட்டோ வந்துச்சா?"

உதட்டுக்குப் போன கிளாஸ் பாதியில் நின்றது.

"இல்ல" என்றார் மாசிலாமணி. "வரல. நான் கூப்பிடவே இல்ல. வேர்த்தது எனக்குத் தெரியாது. போய்ப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

மாசிலாமணி தியேட்டர் கதவைப் பார்த்தார்.

"அந்த ஒரு காலைய மட்டும் திருப்பிக் குடுத்தாப் போதும்மா. வேற எதுவும் வேண்டாம்."

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

மாசிலாமணியின் முகம் தெளிந்தது.

"சொன்னா. அத எப்படிம்மா மறக்க? என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீங்க வந்துட்டீங்கள்ல, இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னா. இன்னைக்கும் காதுலயே இருக்கு."

குரு அவர் கையிலிருந்த கிளாஸை மெதுவாக வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"ஐயா, அது படத்துல அந்தப் பொண்ணு சொன்னது. இப்பத்தான் ரெண்டு பேரும் கேட்டோம்."

"இல்லம்மா. செண்பகம்தான்..."

நிறுத்தினார். அன்று அவர் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்.

"பேப்பருக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஏதோ சொன்னா" என்றார் பிறகு. "நான் 'ம்'னேன். அது நெஜம். நான் 'ம்'னது நல்லா ஞாபகம் இருக்கு."

"என்ன சொன்னாங்க?"

கண்ணை மூடினார். வராத ஆட்டோ வந்தது. தெருமுனை திரும்பியது. பார்க்காத ஆஸ்பத்திரியில் வெள்ளை விரிப்பு, சலைன் பாட்டில், சன்னல் வெயில் எல்லாம் தெளிவாக இருந்தன. பேப்பருக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தார். அங்கே ஒரு பெண் வாயைத் திறந்தாள். படத்துக்காரியின் குரல் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே குரல்.

உள்ளே மணி அடித்தது. நின்றிருந்தவர்கள் கிளாஸ்களை வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. முதல் திருப்பத்துக்கு விசில் கேட்டது.

மாசிலாமணி குருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதது இல்லம்மா. அவ என்ன சொன்னா? நீங்களாவது சொல்லுங்க."

"நான் அங்க இல்லையே ஐயா" என்றார் குரு. "நீங்கதான் இருந்தீங்க."