பொக்கிஷதாரைப் போலவே

நெல்லிமலை என்று ஒரு நாடு. மலை சிறியது. நாடு அதைவிடச் சிறியது. அரசருடைய செலவு மட்டும் பெரியது. அரசர் பெயர் பரமகீர்த்தி. நல்ல மனிதர்தான். அழகான எதைப் பார்த்தாலும், "இது நமக்கும் ஒன்று இருக்கட்டும்" என்பார். அவரிடம் இருந்த குறை அவ்வளவுதான்.

அரண்மனைக்குள் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இளவரசன் இளமாறனும் அங்கேதான் படித்தான், யானைப்பாகன் மகள் சிவந்தியும் அங்கேதான் படித்தாள். அந்த வருஷம் ஐந்து நாள் தேர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துப் பணம் கொடுத்தார்கள். முதல் நாள் மாலைக்குள் எல்லாப் பணமும் ராட்டினத்துக்கும் சர்க்கரைப் பொம்மைக்கும் போய்விட்டது. மிச்ச நாளெல்லாம் இளமாறன் அழுதான். அரசருக்குத் தூக்கம் கெட்டது.

சபை கூடியதும் அரசர் சொன்னார். "பணத்தைத் திட்டம் போட்டுச் செலவழிக்க இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்."

பொக்கிஷதார் கனகசபாபதி எழுந்தார். சபையின் விகடகவி மாசிலாமணியைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மாசிலாமணி கற்றுக்கொடுக்கட்டும், அரசே. அவருக்கு வேறு வேலையும் இல்லை. ஆனால் இது லேசான வித்தை அல்ல. நானே முப்பது வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்."

அரசருக்கு அந்தப் பணிவு பிடித்துவிட்டது. "சரி. ஒரு மாதத்தில் பிள்ளைகள் பணத்தைக் கனகசபாபதியைப் போலவே கையாள வேண்டும். இல்லையென்றால், மாசிலாமணி, நீர் வேறு நாடு பார்த்துக்கொள்ளும்."

மாசிலாமணிக்கு வேறு நாடு எதுவும் தெரியாது. கலக்கத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்.

"அவரைப் போலவேவா, அரசே?"

"அச்சு அசலாக. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"உத்தரவு" என்றார் மாசிலாமணி. அப்போதே அவருக்குக் கலக்கம் பாதி குறைந்துவிட்டது.

நேரே கனகசபாபதியிடம் போனார். "ஐயா, பிள்ளைகள் தினமும் பொக்கிஷ சாலையில் ஒரு மூலையில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கட்டும். குருவைப் பார்த்துத்தானே வித்தை வரும்."

கனகசபாபதிக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தார். பெரியவர்கள் பிள்ளைகள் எதிரில் எதையும் பேசுவது அந்த நினைப்பில்தான்.

மாதம் முடிந்தது. சபை நிறைந்திருந்தது. அரசர் முதலில் மகனை அழைத்தார்.

"உனக்குப் பத்துப் பணம். ஐந்து நாள் திருவிழா. எப்படிச் செலவழிப்பாய்?"

இளமாறன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "பணம் வைக்கப் பட்டுப்பை, மூன்று பணம். பையைக் காக்க ஒரு ஆள், நாலு பணம். அந்த ஆளைக் கண்காணிக்க இன்னொரு ஆள், மூன்று பணம்."

"தீர்ந்துவிட்டதே. சாப்பாட்டுக்கு?"

"அம்மாவிடம் கடன் வாங்குவேன்."

"அம்மாவுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பாய்?"

"அத்தையிடம் கடன் வாங்கி."

அரசர் முகம் கறுத்தது. சிவந்தியைக் கூப்பிட்டார். "நீ சொல்லம்மா."

"எட்டுப் பணம் யானைத் தீனி என்று எழுதுவேன், அரசே."

"நல்லது. எட்டுப் பணத்துக்கும் தீனி வாங்குவாயா?"

"இரண்டு பணத்துக்கு வாங்குவேன்."

"மீதி ஆறு?"

"எழுதியாகிவிட்டதே" என்றாள் சிவந்தி.



"அப்படியானால் யானை என்ன சாப்பிடும்?"

"காத்திருக்கும். இப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது."

அரசர் மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "என்ன படிப்பு இது?"

"தாங்கள் கேட்ட படிப்புத்தான். அச்சு அசல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எதுவும் சேர்க்கவில்லை, அரசே. சந்தேகம் இருந்தால் லாயத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கலாம்."

ஆள் போனான். யானையின் விலா எலும்பு தெரிகிறது என்று வந்து சொன்னான். கனகசபாபதி எழுந்து நின்றார்.  பிறகு பொக்கிஷச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டார். காவலர்கள் அவரை அழைத்துப்போனார்கள்.

அரசருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "எல்லாப் பிள்ளைகளையும் இப்படிக் கெடுத்துவிட்டீரே, மாசிலாமணி."

"பகல் பாடம் மட்டும்தான் இது, அரசே. சாயங்காலப் பாடம் வேறு. சிவந்தி, உன் பணமாக இருந்தால் என்ன செய்வாய்?"

சிவந்தி விரல் விட்டு எண்ணினாள். "முதலில் யானைக்கு எடுத்து வைத்துவிடுவேன். அதற்குக் கேட்கத் தெரியாது. அப்புறம் வீட்டுக்கு உப்பு, எண்ணெய். கொஞ்சம் மழை நாளுக்கு. மிச்சத்தில் எனக்கு வளையல்."

"மிச்சம் வராவிட்டால்?" என்று கேட்டார் அரசர்.

"வளையல் அடுத்த திருவிழாவுக்கு."

அரசர் மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "இதை எப்படிக் கற்றுக்கொடுத்தீர்?"

"பகலில் பார்த்ததை அப்படியே தலைகீழாகச் செய்யச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை."

"என்ன பரிசு வேண்டும், கேளும்."

"பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாணவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும்."

"கனகசபாபதியையா?"

"அவருக்குப் பணத்தின் அருமை நன்றாகத் தெரியும், அரசே" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி தரையைப் பார்த்தார். "தெரியாதவர் ஒருவர் இருக்கிறார்."

 அரசருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிம்மாசனம் குலுங்கும்வரை சிரித்தார்.

மறுநாள் காலை பிள்ளைகளோடு பாயில் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் போல அவருக்கும் ஐந்து நாளைக்குப் பத்துப் பணம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"இரண்டு பணம் கொடு. நாளைக்குத் தந்துவிடுகிறேன்."

இளமாறன் இடுப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டான்.

"நாளைக்கு எங்கிருந்து வரும், அப்பா?"