கட்டியக்காரன் விழுங்கிய சொற்கள்

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினால்கூட அதை ஊருக்கு அறிவித்த ஒரு நாட்டில், உடையான் என்றொரு கட்டியக்காரன் இருந்தான். சபையின் வாசற்படியில் நின்று, அரசர் சொல்வதை வெளிமுற்றத்தில் காத்திருக்கும் மக்களுக்கு உரக்கக் கூறுவது அவன் வேலை. ஒவ்வொரு முறையும் அரசரின் பட்டங்களை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் செய்தியைத் தொடங்க வேண்டும்.

அரசர் கெட்டவர் அல்லர். ஆனால் பொழுது போகாவிட்டால் உடையானைச் சீண்டுவார். அவன் நடை, மெலிந்த உடம்பு, பிள்ளையில்லாத வீடு எல்லாமே அவருக்கு விளையாட்டு. சபை சிரிக்கும். ஏச்சையும் கேலியையும் வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுவது கட்டியக்காரர்களின் பழைய வழக்கம். ஆகவே முற்றத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும், காரணம் தெரியாது.

ஒரு நாள் உடையான் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. அரண்மனை வைத்தியர் பார்த்துவிட்டு, தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்றார். சபை மணி ஒலித்தாலே கணவன் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுகிறான் என்று அவன் மனைவி சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. நடிக்கிறான் என்றார் தலைமை அமைச்சரான பிரதானி விக்கிரமராயர். மறுநாள் பேசாவிட்டால் அவனை நாட்டைவிட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று.

விதூஷகன் தத்தன் எழுந்து, கால் முறிந்தவனை ஓடச் சொல்வோமா, மனம் முறிந்தவனும் அப்படித்தானே என்று மன்றாடினான். தத்தன்மேல் நெடுநாள் எரிச்சல் கொண்டிருந்த பிரதானிக்கு வாய்ப்புக் கிடைத்தது.

“அவ்வளவு இரக்கமென்றால் அந்த வேலையைத் தத்தனே பார்க்கட்டும், பிரபு. தங்கள் திருவாக்கில் ஒரு சொல் விடுபட்டாலும் இருவரையும் சேர்த்தே அனுப்பிவிடலாம்.”

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு சொல்லும் விடக்கூடாது என்று ஆணையிட்டார்.

மறுநாள் தத்தன் வாசற்படியில் நின்றான். உடையான் தூணோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வாய்க்கால், யானைத் தீவனம், கோயில் திருவிழா என்று அரசர் சொன்னதையெல்லாம் தத்தன் கூவினான். பிறகு அரசருக்கு அலுப்புத் தட்டியது. தூணைப் பார்த்தார்.

“ஏன்டா உடையான், ஊமைக் கோட்டானே, உன் பெண்டாட்டியாவது வீட்டில் உன்னோடு பேசுகிறாளா?”

சபை சிரித்தது. தத்தன் முற்றத்தை நோக்கித் திரும்பினான்.

“மண்டலம் காத்தவர், மாற்றாருக்கும் அருள் செய்தவர், குடிகளுக்குத் தாயும் தந்தையுமான மகாராஜா திருவாய் மலர்ந்தருளியது கேளுங்கள்: ஏன்டா உடையான், ஊமைக் கோட்டானே, உன் பெண்டாட்டியாவது வீட்டில் உன்னோடு பேசுகிறாளா?”

முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. முறையிட வந்தவர்கள் நிமிர்ந்து சபையைப் பார்த்தார்கள். அந்த அமைதி படியேறி உள்ளே வந்தது. சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

“நிறுத்து” என்றார் அரசர்.

தத்தன் பட்டங்கள் அத்தனையும் சொல்லி, நிறுத்து என்று கூவினான்.

பிரதானி எழுந்து, இது ராஜநிந்தனை என்றார்.

“நான் ஒரு சொல்லும் கூட்டவில்லையே, ஐயா. நிந்தனை எந்தச் சொல்லில் இருக்கிறது, காட்டுங்கள்.”

பிரதானி அரசரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

பட்டங்களுக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதுதான், தாம் நாள்தோறும் எறிந்த சொற்களின் கனம் அரசருக்குத் தெரிந்தது. சிம்மாசனத்தைவிட்டு இறங்கித் தூணருகே போனார்.

“உடையான், தவறு என்னுடையது. சரியாகும்வரை வீட்டில் இரு. உன் வேலை உன்னுடையதுதான்.” பிறகு தத்தன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “இதையும் கூவப் போகிறாயா?”

“ஆணை அப்படி, பிரபு. தாங்கள் நினைத்தால் மாற்றலாம்.”

அரசர் முற்றத்தைப் பார்த்தார். ஆணையை மாற்றவில்லை. தத்தன் கூவினான்.

உடையானுக்கு அன்று குரல் திரும்பவில்லை. அதற்குப் பல மாதங்கள் ஆயின. ஆனால் அந்தச் சபை நடந்த மறுநாளே அரசர் தத்தனோடு உடையானின் வீட்டுக்குப் போனார். மனைவி கதவைப் பாதி திறந்து, தாழ்ந்த குரலில், இப்போதுதான் கண்ணயர்ந்தார், அப்புறம் வாருங்கள் என்று சொல்லிச் சாத்திவிட்டாள்.

ஊரையே முற்றத்தில் காக்கவைத்த அரசர், தம்மை ஒரு வீட்டுக் கதவு தெருவில் காக்கவைத்ததைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு, தூங்குகிறவன் விழித்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, சத்தமில்லாமல் தத்தனுக்கு அணிவித்தார்.