கண்ணாடிப் பல்லக்கு சுட்ட கதை

நல்லமங்கலத்து ராஜா கட்டாரி ராயருக்கு ஒரே கவலை. தம் திருமுகத்தை ஊர் முழுக்கப் பார்க்க முடியவில்லையே! பாவம், ஊரும் அந்தக் கவலையில் இளைத்துத்தான் போயிருந்தது. ஆகவே சீமை வியாபாரி ஒருவனைப் பிடித்து, கூரை உட்பட எல்லாமே கண்ணாடியாக ஒரு பல்லக்குச் செய்வித்தார்.

சித்திரை மாத உச்சி வெயிலில் முதல் பவனி. தேரடி தாண்டுவதற்குள் ராஜா ஆவியில் வெந்த கொழுக்கட்டை ஆகிவிட்டார். மயங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்துப் போட்டு விசிறினார்கள்.

"கண்ணேறு பிரபு," என்றார் ஆஸ்தான ஜோதிடர் சடகோபர். "கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் பல்லக்குத் தூக்கிகள். அவர்கள் கண்தான் தங்களைச் சுட்டது."

"நாளைக்கே அந்தக் கண்களைப் பிடுங்குங்கள்," என்றார் ராஜா.

தூக்கிகளின் தலைவன் இருளப்பன் விகடகவி பூவராகனிடம் ஓடிவந்தான். "சாமி, முன்னால தூக்குறவனுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? ராசா மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க."

பல்லக்குச் செய்த வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னது பூவராகனுக்கு ஞாபகம் வந்தது. அவன் ஊர்க் குளிரில் செடி வாடாமல் இருக்க இப்படித்தான் கண்ணாடி வீடு கட்டுவார்களாம். பூவராகன் நேரே ராஜாவிடம் போனான்.

"ஜோதிடர் வாக்கை ஊரறிய நிரூபித்துவிட்டுத் தண்டிப்போம் பிரபு. தூக்கிகளின் கண்ணைக் கட்டிவிட்டு ஜோதிடரைப் பல்லக்கில் வைப்போம். அவரைப் பார்த்து யாருக்கும் பொறாமை வரப்போவதில்லை, ஆபத்தே கிடையாது."

மறுநாள் உச்சிப்பொழுது, அரண்மனை முற்றம். தூக்கிகளுக்குக் கண்கட்டு. மற்றவர்களையும் முதுகு காட்டி நிற்கச் சொன்னான் பூவராகன். பார்ப்பதற்கு ராஜா மட்டும். சடகோபர் புன்னகையோடு உள்ளே போக, பூவராகன் கதவை வெளியே தாழிட்டுவிட்டுத் தானும் முதுகு காட்டி நின்றான். முதலில் புன்னகை வாடியது. பிறகு நாமம் கரைந்தது. பிறகு கண்ணாடியை இடிக்கும் சத்தம் கேட்டது.

"திறவும் ஐயா, வேகிறேன்!"

பூவராகன் திரும்பாமலே கேட்டான். "யார் கண் பட்டது சுவாமி? உம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே ஒருவர்தான். அவர் பெயரைச் சொல்லும், உடனே திறக்கிறேன்."

சடகோபர் ராஜாவைப் பார்த்தார். ராஜாவின் மீசை துடித்தது.

"கண்ணேறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! கண்ணாடிதான் சுடுகிறது!"

கதவு திறந்தது. "அதெப்படி?" என்றார் ராஜா.

"வெயில் கண்ணாடி வழியே சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது பிரபு. சூடாக மாறிய பிறகு வெளியே போகத்தான் வழியில்லை. பூமிக்கு மேலே காற்றும் இப்படித்தான் மூடி போட்டிருக்கிறதோ என்னவோ. இல்லாவிட்டால் ராத்திரியில் நாமெல்லாம் விறைத்துப்போவோமே."

"நாமும் அதையேதான் நினைத்தோம்," என்றார் ஒன்றும் புரியாத ராஜா. "சரி, இனி இந்தப் பல்லக்கை என்ன செய்வது?"

"குளிர் நாட்டில் இதற்குள் எதை வைத்தாலும் முளைக்குமாம். ஜோதிடரை வாரம் ஒரு தரம் வைத்துப் பார்ப்போம். புத்தி முளைத்தாலும் முளைக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தூக்கிகளை விடுவித்து, பூவராகனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார், அந்த வெயிலில்.

கண்கட்டு அவிழ்ந்த இருளப்பன் முதல் தடவையாக ராஜாவின் முகத்தை நன்றாகப் பார்த்தான். பிறகு பூவராகன் காதோரம் குனிந்தான்.

"இதைக் காட்டத்தானா சாமி இம்புட்டுக் கண்ணாடி?"