புளித்த கடலும் புல்லைத் துடைத்த நத்தைகளும்

ஒரு கடலில், அலை அதிகம் எழாத ஆழமற்ற பகுதியில், ஒரு புல்வெளி இருந்தது. கடலுக்குள் புல் முளைக்குமா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. முளைக்கும். நாடா போன்ற இலைகளோடு நீரோட்டத்தில் சாய்ந்து சாய்ந்து நிற்கும்.

அந்தப் புல்லை மேய்ந்து ஓரா மீன்கள் வாழ்ந்தன. அவற்றின் தலைவன் பெயர் பெருவயிறன். பசி அடங்கிய பின்னும் மேய்கிற மீன் அது.

புல்வெளியை ஒட்டிய பாறைப் பொந்தில் கொடுக்கன் என்னும் நண்டு இருந்தது. எந்த உயிர்களுக்குள் தகராறு வந்தாலும் தீர்ப்புக்கு அதனிடம்தான் போகும். அது நியாயம் அறிந்தது என்பதால் அல்ல. நன்றாகப் பேசும் என்பதால்.

புல்லின் இலைகளில் சின்னஞ்சிறு நத்தைகள் ஊர்ந்தன. இலைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்பது அவற்றின் பிழைப்பு. அவற்றுள் ஒன்று வரிச்சி. ஓட்டில் பழுப்பு வரிகள் இருந்ததால் அந்தப் பெயர். வரிச்சி பொறுமைசாலி. பொறுமையைத் தவிர அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை.

ஏனென்றால் கடல் புளித்துக்கொண்டிருந்தது. நிலத்தில் எழுந்த புகை காற்றில் கலந்து, காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கியது. மீன்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஓடு சுமக்கும் உயிர்களுக்குத் தெரிந்தது. ஓடு கட்டுவது கடினமாயிற்று. கட்டிய ஓட்டையும் தண்ணீர் அரித்தது.

புளிப்பு வந்த புதிதில் நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிழைத்தவை அதே தண்ணீரில் முட்டையிட்டன. அந்தக் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே புளிப்பை அறிந்து வந்ததால் கொஞ்சம் தாங்கின. அவற்றின் குஞ்சுகள் இன்னும் கொஞ்சம் தாங்கின. ஆனால் தின்றதெல்லாம் ஓட்டுக்கே செலவாகி, உடம்புக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒரு காலத்தில் புளியங்கொட்டை அளவு இருந்த இனம், வரிச்சியின் தலைமுறையில் பச்சைப்பயறு அளவாகிவிட்டது.

அவற்றுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. வெயில் விழும் நேரத்தில் புல் புளிப்பைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால், புல்லுக்கு நடுவே இருக்கும் தண்ணீரில் புளிப்பு சற்றுக் குறையும். பாறையடியில் புல் மிக அடர்த்தியாக வளர்ந்த இடத்தில் இது நன்றாகவே தெரியும். நத்தைகள் அங்கே போய்த்தான் முட்டையிடும்.

மற்ற இடங்களை மேய்ந்து முடித்த ஓரா மீன்கள் ஒரு நாள் அந்தப் பாறையடிக்கும் வந்துவிட்டன.

வரிச்சி பெருவயிறனிடம் ஊர்ந்து போயிற்று. முட்டைகள் பொரியும் வரையிலாவது இந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பெருவயிறன் வாயில் இருந்த புல்லை விழுங்கிவிட்டு, இதையெல்லாம் கொடுக்கன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. தன் பொந்து வாசலில் இருக்கும் புல்லை ஓராக்கள் தொடாமல் இருந்தால் போதும் என்பது கொடுக்கனின் எண்ணம். அது பெருவயிறனுக்கும் தெரியும்.

கொடுக்கன் வழக்கைக் கேட்டது. வரிச்சியை முன்னும் பின்னும் பார்த்தது. பிறகு மற்ற மீன்களும் கேட்கும்படி பேசியது.

"அம்மா, புளிப்பு வந்த காலத்தில் உன் இனம் செத்து மிதந்தது. உன் தாய் தாங்கினாள். அவளைவிட நீ நன்றாகத் தாங்குகிறாய். உன் பிள்ளைகள் உன்னைவிட நன்றாகத் தாங்கும். பழகிவிட்டீர்கள். பழகியவர்களுக்கு அடர்ந்த புல் எதற்கு?"

"நாங்கள் பழகவில்லை, நண்டாரே," என்றது வரிச்சி. "குறைந்துகொண்டிருக்கிறோம்."

உயிரோடு வந்து நின்று பேசுகிறாயே, அதுவே சாட்சி என்று சொல்லி, கொடுக்கன் வழக்கை முடித்துவிட்டது. மீன்கள் தலையாட்டின. வரிச்சி வாதாடவில்லை. வாதாடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஓரா மீன்கள் பாறையடிப் புல்லை அடி வரை மேய்ந்தன. வரிச்சி மிஞ்சிய கட்டைப் புல்லில் முட்டையிட்டது. முன்பு இட்டதில் பாதிகூட இல்லை. பொரிந்து வந்த குஞ்சுகளோ கடுகு போல இருந்தன. பலவற்றின் ஓடு நீரோட்டம் பட்டதும் நொறுங்கிற்று. வரிச்சி ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளி, உயிரோடு இருந்தவற்றைத் தேடியது. பிழைத்தவற்றில் ஒரு மகளுக்கு நுணுக்கி என்று பெயர் வைத்தது.

நுணுக்கி விடிந்தது முதல் பாசியைச் சுரண்டும். கடுகு வாயால் எவ்வளவு சுரண்ட முடியும்? ஓர் இலையின் நுனியைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். நம் முன்னோர்கள் உண்மையிலேயே அவ்வளவு பெரியவர்களா என்று ஒருமுறை தாயைக் கேட்டது. வரிச்சி தான் சுரண்டிய பாசியை மகள் பக்கம் ஒதுக்கியது. பிறகு, பேச்சை விட்டுவிட்டுத் தின்னச் சொன்னது.

தின்ன ஆள் குறைந்ததால் பாசி வளர்ந்தது. புல்வெளி முழுவதும் இலைகள் வழுவழுத்தன. பாசி மூடிய இலைக்கு வெயில் எட்டவில்லை. புல் பழுத்து, கறுத்து, மணலில் படுத்துவிட்டது.

ஓரா மீன்களுக்குப் பசி வந்தது. புல் ஏன் கசக்கிறது என்று பெருவயிறன் கொடுக்கனிடம் கேட்டது. நத்தைகள் சோம்பேறிகளாகிவிட்டன, அதட்டினால் வேலை நடக்கும் என்று கொடுக்கன் யோசனை சொன்னது.

பெருவயிறன் அதட்டுவதற்காகத்தான் வந்தது. வரிச்சி ஓர் இலையின் நடுவில் சுரண்டிக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. அது சுரண்டிய தடத்தில் மட்டும் இலை பச்சையாக இருந்தது.

"புல்லைச் சுத்தமாக வைத்திருந்தது நீங்களா?" என்று கேட்டது பெருவயிறன். அப்போதுதான் அதற்கே விளங்கிற்று.

"நாங்கள்தான்."

"அன்றைக்கு வழக்கில் ஏன் அதைச் சொல்லவில்லை?"

"நீங்கள் அதைக் கேட்கவில்லை, தலைவரே. எங்களால் தாங்க முடியுமா என்று மட்டும்தான் பார்த்தீர்கள். முடிந்த வரை தாங்கினோம்."

பெருவயிறன் இலையை உற்றுப் பார்த்தது. வரிச்சிக்குப் பின்னால் ஏதோ மணல் துகள் நகர்வதாக நினைத்தது. அது நுணுக்கி. பெருவயிறன் அதட்டாமலே திரும்பிப் போயிற்று.

அன்றே ஓராக் கூட்டம் பாறையடியை விட்டுத் தொலைவில் இரை தேடிப் போயிற்று. பெருவயிறன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்த பிறகும் பாறையடிப் புல்லில் அது வாய் வைக்கவில்லை. மற்ற மீன்களையும் வைக்க விடவில்லை. அங்கே வேரிலிருந்து புல் மறுபடி துளிர்த்தது; அந்தச் சின்ன இடத்துப் பாசியை மட்டும் மிஞ்சிய நத்தைகள் சுரண்டி வந்தன.

கொடுக்கன் நிலைமை வேறு மாதிரி ஆயிற்று. நண்டுகள் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போடும் அல்லவா? அதுவும் கழற்றியது. புது ஓடு புளித்த தண்ணீரில் இறுகவே இல்லை. பொந்து வாசலில் மறைப்புக்கு இருந்த புல்லும் அழுகிப் போயிருந்தது. வெளியே ஒரு திருக்கை மீன் சுற்றிக்கொண்டிருந்தது. கொடுக்கன் மெத்தென்ற உடம்போடு நடுங்கி நடுங்கிப் பாறையடிக்கு வந்து, புதிதாகத் துளிர்த்த புல்லுக்குள் ஒடுங்கியது. எவ்வளவோ பேசத் தெரிந்த நண்டு அன்று எதுவும் பேசவில்லை. வரிச்சி அதைக் கண்டது. சற்று நகர்ந்து இடம் விட்டது.

புல் மெல்ல அடர்ந்தது. கடலின் புளிப்பு மாறவில்லை. அது நத்தைகளாலும் மீன்களாலும் மாற்றக்கூடியதும் இல்லை. ஆனால் பாறையடியில் மட்டும் பகல் நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் இதமாயிற்று. நுணுக்கி அங்கே முட்டையிட்டது. குஞ்சுகள் பொரிந்து வந்தன.

வரிச்சி கிட்டே போய்ப் பார்த்தது. குஞ்சுகள் நுணுக்கியைவிடப் பெரியவையாகப் பிறக்கவில்லை. சிறியவையாகவும் பிறக்கவில்லை. குறைவது ஒரு தலைமுறைக்காவது நின்றிருந்தது. மகிழ வேண்டும் என்று வரிச்சிக்குத் தோன்றியது. அதற்கு முன் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று தோன்றியது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, அந்த இலையிலேயே தூங்கிவிட்டது.

நீதி: ஒருவர் தாங்கிக்கொள்வதைப் பார்த்து, அவர் சுமை குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லாதே.