ஞாயிற்றுக்கிழமை ஏணியேறிய ஞானவடிவு

செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய இம்மானுவேல்புரம் என்னும் சிற்றூரில் ஞானவடிவு என்றோர் அம்மையார் வாழ்ந்தார். கட்டட வேலையில் சித்தாள். கல் சுமப்பார், மணல் சலிப்பார். ஆனால் அவருக்கென்றே வாய்த்த வேலை, புதுச் சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் விடுவது. கணவரை இழந்தவர், பிள்ளையும் இல்லை. ஒவ்வொரு குடத்தைச் சாய்க்கும்போதும் அந்த வீட்டில் குடியேறப்போகிறவர்களின் பெயரைச் சொல்லி, "இவங்களக் காத்துக்கிடும், ஆண்டவரே" என்பார். அதற்கு மேல் நீண்ட ஜெபம் அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பெயர் தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்ட பிறகே குடத்தைத் தூக்குவார்.

ஒரு புயலில் ஊர்க்கோடி ஓலை வீடுகள் பறந்துபோயின. வருடத்துக்கு ஒரு வீடாவது நம் கையால் கட்டிக் கொடுப்போம் என்று சபையார் தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மே மாதம்தான் எல்லோருக்கும் தோது. வாத்தியார்மாரும் கடைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கத்திரி வெயிலில் வேலை செய்தவர்களைவிட வெயிலைப் பற்றிப் பேசியவர்களே அதிகம் என்றாலும், வந்ததே பெரிய காரியம். வழிகாட்ட ஒரு கொத்தனாரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஞானவடிவு கூலி வாங்காமலே வந்து நின்றார்.

முதல் வீடு அன்னக்கிளிக்கு. பனையிலிருந்து விழுந்ததில் எழுந்து நடமாட முடியாமல் கிடந்த கணவரை வைத்துக்கொண்டு தவித்த பெண் அவர். ஆட்கள் நிறையக் கூடுவது சனிக்கிழமை என்பதால் அன்றைக்கே கூரைக்குத் தளம் போட்டார்கள். மறுநாள் ஞாயிறு. ஓய்வுநாளில் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்பது சபையின் கட்டளை. கொத்தனாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பச்சைத் தளம் முதல் நாள் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஞானவடிவு அறிவார். சபையை அன்றாடம் நடத்தி வந்த உபதேசியார் பாக்கியமுத்துவிடம், ஆராதனை முடிந்ததும் தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

"ஐயா, தளத்துல சாக்கு விரிச்சு நாலு கொடம் தண்ணி விட்டுட்டு வந்துருதேன்."

"ஆறு நாளு பத்தாதா, வடிவு? கர்த்தருக்குக் கட்டுன வீட்ட கர்த்தரு பாத்துக்கிடுவாரு. நீ போயி வேதத்த எடுத்து வாசி."

அம்மையாருக்கு எழுத்துத் தெரியாது என்பது உபதேசியாருக்குத் தெரியும். ஞானவடிவு வீட்டுக்குப் போய், பூமி கொதிக்கிற அந்தப் பகல் முழுவதும் குடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் ஏறிப் பார்த்தபோது, தளத்தின் குறுக்கே மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தது.

ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு தன் வேலையைக் காட்டியது. கணவரின் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அன்னக்கிளி, பார்க்க வந்த ஞானவடிவிடம் கேட்டார். "ஓல வீடுன்னா ஒழுகுத எடத்துல ஒரு ஓலயச் சொருவலாம். இதுல என்னத்தக்கா சொருவ?"

கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல அது. ஆனால் ஞானவடிவுக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. சபையார் முதலில் சிமெண்டைக் குறை சொன்னார்கள். பிறகு கொத்தனார் கள்ளவேலை செய்துவிட்டார் என்று பேசி அவரை நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதருக்கு அக்கம்பக்கத்து ஊரிலும் வேலை கிடைக்காமல் போயிற்று. 'காரணம் எனக்குத் தெரியுமே, அப்போதாவது வாயைத் திறந்தேனா?' என்று அம்மையார் தமக்குள்ளேயே குமைந்தார்.

அடுத்த மே மாதம் இரண்டாவது வீடு, மீன்கூடை சுமக்கும் சந்தனமாரிக்கு. அதற்கும் சனிக்கிழமையே தளம் என்றார்கள். திங்கட்கிழமை போடலாமே என்று ஞானவடிவு சொல்லிப் பார்த்தார். "கமிட்டிக்கு சித்தாளு நாள் குறிக்கா பாரு" என்று சபைக் கமிட்டியார் சிரித்தார்கள்.

மறுநாள், மாதம் ஒருமுறை வரும் குருவானவர் அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறு. அந்தத் திருவிருந்துப் பந்தியில் சேருகிறவர்கள் முந்தின நாளே உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும், ஞானவடிவும் கொடுத்திருந்தார். ஆனால் கோயிலுக்குப் புறப்பட்ட உபதேசியார், சந்தனமாரி வீட்டு ஏணியில் அம்மையார் குடத்தோடு நிற்கக் கண்டார்.

"எறங்கு, வடிவு. இன்னைக்குப் பந்தி."

"நான் எறங்கினா தளம் வெடிச்சிரும், ஐயா."

"பேர அடிச்சிருவேன், பாத்துக்க."

திடப்படுத்தல் பெற்று முதன்முதலாகப் பந்தியில் சேர்ந்த நாள் முதல் ஒரு பந்தியையும் தவறவிட்டவர் அல்லர் ஞானவடிவு. "அடிச்சிக்கிடுங்க, ஐயா" என்றார்.

வெள்ளைச் சேலை உடுத்திப் போன பெண்கள், "தண்ணி ஊத்தியே மோட்சத்துக்குப் போயிருவா போல" என்று சொல்லிக்கொண்டே கடந்தார்கள். கோயில் மணி அடித்தது. அம்மையார் அழுதுகொண்டே சாக்கை நனைத்தார். சந்தனமாரியின் பெயரைச் சொல்லத்தான் அன்று அவருக்குக் குரல் வந்தது. தமக்காக ஒன்றும் கேட்கவில்லை.

கோயிலில் குருவானவர், உபதேசியார் கொடுத்த பட்டியல்படி நாற்பத்தாறு பேருக்கு அப்பத்தைப் பிட்டு வைத்தார். நாற்பத்தாறு பேரும் வந்து முழந்தாளிட்டு வாங்கிச் சென்றார்கள். தட்டில் ஒரு துண்டு மீந்து கிடந்தது. எண்ணியது சரிதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பேர் கொடுத்தவங்க யாராவது வரலையா?" என்று மெல்லக் கேட்டார்.

உபதேசியார் கிட்டே வந்து குனிந்தார். "ஒருத்தி பேர நான் அடிச்சிட்டேன், ஐயா."

உபதேசியார் அடித்த பெயரைக் கர்த்தர் அடிக்கவில்லை. நடந்ததைக் கேட்டறிந்த குருவானவர் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கி புழுதியில் புரள, அந்த வெயிலில் நடந்தார். சபை பின்னால் போயிற்று. அவர் ஏணியில் ஏறியபோது கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உபதேசியார்தான்.

ஞானவடிவு பதறிப் பின்வாங்கினார். "வேண்டாம், ஐயா. நான் தகாதவ."

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சதுக்காகவா?"

"இல்ல, ஐயா. போன வருசம் அந்தத் தளம் காஞ்சி கெடக்கையில நான் சும்மா ஒக்காந்திருந்தேன். அன்னக்கிளி வீடு இன்னும் ஒழுவுது. கொத்தனாரு பொழப்பும் போச்சு. அதுக்கு நான் என்ன சொல்லி இத வாங்குவேன்?"

அந்த ஓய்வுநாள் கட்டளையில் கையெழுத்துப் போட்டிருந்தவர் குருவானவரே. "அந்தப் பாவம் என்னோடதும்தாம்மா. ரெண்டு பேருமாச் சேர்ந்து மன்னிப்புக் கேப்போம்" என்று சொல்லி ஈரச்சாக்கில் முழந்தாளிட்டார். அம்மையாரும் முழந்தாளிட்டு, நனைந்த கைகளை நீட்டினார்.

தளத்துக்குத் தண்ணீர் விட ஞாயிறும் தடையில்லை என்று அன்று முதல் அந்தக் கட்டளை மாறிற்று. சந்தனமாரி வீட்டில் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. கொத்தனாரைத் திரும்ப அழைக்க ஆள் போயிற்று. அவர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டிருந்தார். அன்னக்கிளி வீட்டு வெடிப்பைப் பூசினார்கள். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை. மழை பெய்த நாளெல்லாம் ஞானவடிவு அங்கே போய், ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்து, நிறைந்ததை வெளியே கொட்டிவிட்டு வருவார். கண்மூடும் வரை அதை நிறுத்தவில்லை.

திருப்பந்தியே தம்மைத் தேடி ஏணியேறி வரப்பெற்றும், அயலாளின் கூரையை ஒருநாளும் மறவாத அந்த அம்மையாரின் பெயர் நம் சபையில் என்றும் வாழ்க.