சந்தனம் அரைத்த கை

“சாமி, நான் என்ன பாவம் செஞ்சேன்?”

செங்கோடர் இப்படிக் கேட்டதன் காரணம் மடத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்று காலைப் பூசையில் சந்தனக் கிண்ணம் அவர் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

அந்த மடத்தில் சந்தனம் என்றால் செங்கோடர்தான். அவர் அரைத்தது விரலில் நெருடாது. வேறு யாரையும் சந்தனக் கல்லைத் தொட விடமாட்டார். அத்தனை பெருமை மனுஷனுக்கு. இருக்காதா பின்னே?

கொஞ்ச நாளாகவே கை மரத்துப்போகிறது. தூக்கத்தில் சுருக்சுருக்கென்று குத்தி எழுப்பிவிடுகிறது. உதறினால் சற்று அடங்கும். திருவிழா வேறு நெருங்குகிறது. இந்த வருஷச் சந்தனக்காப்புக்குத் தன் கையால் அரைக்க முடியாவிட்டால் இருந்து என்ன பயன் என்று புலம்பினார். திருஷ்டி கழித்தும் பார்த்தாயிற்றாம். தன் கர்வத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனைதான் இது என்றார்.

மடத்துத் தலைவரான சாமி வயதில் அவருக்குத் தம்பி மாதிரி. கையை வாங்கிப் பார்த்தார்.

“எந்த விரல் மரக்குது?”

“கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்.”

“சுண்டுவிரல்?”

“அது நல்லாத்தான் இருக்கு.”

“தண்டிக்கிறவர் அதை ஏன் விட்டுவச்சார்?”

செங்கோடர் சுண்டுவிரலை மட்டும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

வைத்தியரிடம் காட்டும்வரை கல்லைத் தொடக்கூடாது, நாளைச் சந்தனம் என் பொறுப்பு என்று சாமி சொல்லிவிட்டார். செங்கோடருக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் கூடவே போய் நின்றார்.

சாமி கல்லின் முன் உட்கார்ந்தார். நகம் வெளுக்கும்படி கட்டையை இறுக்கிப் பிடித்தார். மணிக்கட்டை மடக்கி, உடம்பின் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அரைத்தார். நடுவில் ஒரு தடவைகூடக் கையை நீட்டி ஆற்றவில்லை.

சந்தனம் வெண்ணெயாக வழிந்தது. செங்கோடருக்கே ஆச்சரியம்.

வெயில் ஏறியது. சாமி பிடியைத் தளர்த்தவே இல்லை. செங்கோடரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“போதும் சாமி. மணிக்கட்டை இப்படி மடக்கி, இந்த இறுக்கு இறுக்கினா நரம்பு என்னத்துக்கு ஆகும்? யார் உங்களுக்கு இப்படி அரைக்கச் சொல்லிக் குடுத்தது?”

சாமி கட்டையைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தார்.

“இந்த மடத்துலயே நல்லா அரைக்கிறவர்,” என்றார். “தினமும் பக்கத்துல நின்னு பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்.”