வெளிப்படையான நிர்வாகம்

காஜாப்பட்டித் தையல்காரர் சங்கத்துக்கு நிர்வாகிகள் நான்கு பேர். உறுப்பினர்களும் அதே நான்கு பேர்தான். தலைவர் தணிகாசலம், செயலாளர் ஏகாம்பரம், பொருளாளர் வீரபாகு, அப்புறம் கோதண்டம். கோதண்டத்துக்குக் கொடுக்கப் பதவி மிச்சமில்லாததால் துணைத்தலைவர் என்று வைத்திருந்தார்கள். நால்வருக்கும் புத்தி ஒரே அளவு. ஒரே துணியை நாலாக மடித்துப் போட்டு வெட்டின மாதிரி.

ஒருநாள் சங்கங்களைப் பதிவு செய்கிற ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷமாக நிர்வாகக் கூட்டம் நடந்ததாகத் தகவல் இல்லை. இந்த மாதத்துக்குள் கூட்டம் போட்டு, தீர்மானத்தையும், நிர்வாகிகள் நால்வரும் இருக்கும் போட்டோவையும் அனுப்பாவிட்டால் சங்கம் கலைக்கப்படும், சங்க அறை பூட்டப்படும்.

மற்ற மூவருக்கும் சொந்தக் கடை உண்டு. தணிகாசலத்துக்கு அந்த அறைதான் கடை. அறை போனால் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார வேண்டியதுதான். கடிதத்தைப் படித்ததிலிருந்து இரண்டு நாள் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அவர்கள் கூட்டம் போடாதவர்கள் இல்லை. ஒவ்வொரு முறையும் வரவேற்புரை முடிவதற்குள் யாராவது வந்து, என் ஜாக்கெட் என்னாச்சு, பையன் டவுசர் தைத்தாச்சா என்று நிற்பார்கள். நால்வரும் நாலு பக்கம் ஓடிவிடுவார்கள்.

"துணின்னு யாரும் பேச்சே எடுக்காத இடமாப் பாருய்யா," என்றார் தலைவர்.

ஏகாம்பரம் பேப்பரில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். 'கடலோர நிர்வாண விடுதி. குழுவாகக் கூடுவதற்கு இடவசதி உண்டு. உடைத் தொல்லை அறவே இல்லை.'

நால்வரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். வீரபாகு ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, 'க' போட வேண்டிய இடத்தில் 'ண' போட்டுவிட்டான் என்றார். அச்சுப்பிழைதான் என்று ஏகாம்பரமும் ஒப்புக்கொண்டார். எழுத்துப் பிழையானாலும் நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு விடுதி கட்டியிருக்கிறானே என்று தலைவர் வியந்தார்.

விடுதி மேனேஜர் பிலோமினா காட்டன் புடவை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகளுக்குத்தான் உடை கிடையாது, வேலை பார்ப்பவர்களுக்கு உண்டு என்பது அங்கே ஏற்பாடு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்ற நால்வரையும் அவர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்க நாலு பேருமே நிர்வாணமா சார்?"

"இவங்க மூணு பேரும் நிர்வாகம். நான் தலைமை நிர்வாகம்," என்றார் தணிகாசலம். கடல் இரைச்சலில் இரண்டு பக்கமும் அந்த ஓர் எழுத்து மட்டும் சரியாக விழவில்லை.

"எத்தனை வருஷமா?"

"பதினாறு வருஷமா. நடுவுல மூணு வருஷம் முடியாமப் போச்சு. ஆபீஸ்லேர்ந்து கண்டிச்சு லெட்டர் போட்டுட்டாங்க."

"ஆபீஸ்லயா?"

"ஆமாம்மா. போட்டோ வேற கேட்டிருக்காங்க."

பிலோமினா கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "வீட்டுல தெரியுமா?"

"மாலை போட்டு வழியனுப்புனாங்க."

தனியாக வரும் ஆண்களுக்கு அங்கே இரட்டைக் கட்டணம், ஜோடியாக வந்தால் பாதி. இல்லாவிட்டால் ஆண்களாகவே வந்து குவிந்துவிடுகிறார்கள், குடும்பங்கள் வருவதில்லை என்று பிலோமினா விளக்கினார். வீரபாகு யோசித்து, நாலு பேர் என்றால் ரெண்டு ஜோடி, செருப்பை அப்படித்தானே எண்ணுகிறோம் என்றார். பிலோமினா நால்வரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அது அவரவர் சொந்த விஷயம் என்று பாதிக் கட்டணத்துக்கே ரசீது போட்டார்.

பிறகு விதிகளைச் சொன்னார். போட்டிருக்கும் உடை எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். எங்கே உட்கார்ந்தாலும் துண்டு போட்டுத்தான் உட்கார வேண்டும். யாரோடு பேசினாலும் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கக்கூடாது.

முதல் விதியிலேயே மூன்று பேர் திகைத்துப் போனார்கள். தணிகாசலம் திகைக்கவில்லை.

"இதுக்குப் பேருதான்யா வெளிப்படையான நிர்வாகம்," என்றார். "பாக்கெட்டே இல்லேன்னா எவனும் எதையும் உள்ள தள்ள முடியாது பாரு."

மற்றவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கோதண்டம் மட்டும் தன் கழுத்தில் கிடக்கும் அளவு டேப் உடையா, கருவியா என்று கேட்டார். லாக்கர் அறையில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. இஞ்ச் குறித்திருக்கும் எதுவும் உடை ஆகாது என்று முடிவாயிற்று.

உள்ளே நீச்சல் குளத்தைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் பெரிய பெரிய சங்கத்து நிர்வாகிகள் போலிருக்கிறது என்று தணிகாசலம் மரியாதையாகக் கும்பிட்டார்.

கோதண்டத்துக்குத் தொழில் கை சும்மா இருக்கவில்லை. ஆனால் முகத்துக்குக் கீழே பார்க்க விதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே சாயங்காலத்துக்குள் பதினேழு பேருக்குத் தொப்பி அளவு எடுத்து முடித்தார்.

வீரபாகு பெங்களூர் அம்மாள் ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்தார். அந்த அம்மாள் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். வீரபாகு முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராகப் போனார். தண்ணீருக்குள் விழுந்த பிறகும் விதியை மீறவில்லை.

ஏகாம்பரம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தே வளர்ந்தவர். இங்கே மேனேஜரே துண்டு போடச் சொல்லியிருக்கிறார். விடுதியில் இருந்த துண்டுகள் அத்தனையும் திரட்டி, குளத்தைச் சுற்றிலும் இருந்த நாற்காலிகள் அத்தனையிலும் போட்டு, சங்கத்துக்கு இடம் பிடித்தார். துண்டு இல்லாமல் உட்கார விதி இல்லை. துண்டெல்லாம் நாற்காலி மேலே. விருந்தாளிகள் வெயிலில் நின்றார்கள். சட்டை போட்ட ஜனங்களின் சண்டையிலிருந்து தப்பிக்கத்தான் வருஷா வருஷம் இங்கே வருகிறேன், இவர்கள் சட்டையில்லாமலே பஸ் ஸ்டாண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் புகார் சொன்னார்.

பிலோமினா ஓடிவந்தார். ஏற்கெனவே வெளியே ஊர்க்காரர்கள் கலாசாரம் கெடுகிறது என்று தினமும் மதில் மேல் ஏறிச் சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள், நீங்களாவது கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று கெஞ்சினார்.

ஒருவழியாகக் கூட்டம் நடந்தது. ஜாக்கெட் கேட்டு யாரும் குறுக்கே வரவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வரவேற்புரை நன்றியுரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மக்கள் அனைவரும் ஆண்டுக்கு நான்கு ஜோடியாவது புதுத்துணி தைத்துப் போட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

போட்டோதான் பாக்கி. அது முடியவே முடியாது என்றார் பிலோமினா. தணிகாசலம் இரண்டு கையையும் கூப்பினார்.

"என் மிஷின் இருக்கற ரூம்மா அது. போட்டோ போகலேன்னா பூட்டிடுவாங்க. இந்த வயசுல நான் ரோட்டுல உக்காந்து தைக்கணும்."

பிலோமினா மனம் இளகி, வேறு ஆள் யாரும் இல்லாத சுவரோரமாக அவர்களை நிறுத்தித் தானே போட்டோ எடுத்தார். எடுப்பதற்கு முன்னால், "முன்னாடி ஏதாச்சும் வெச்சுக்கோங்க சார்," என்றார். மூவரும் கலந்து பேசித் தலைவரை முன்னாடி வைத்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. தணிகாசலம் பிரித்தார். தீர்மானம் ஏற்கப்பட்டது. கூட்டம் ஏற்கப்பட்டது. ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். 'இணைத்துள்ள புகைப்படத்தில் நிர்வாகிகள் எவரும் பேட்ஜ் அணிந்திருக்கவில்லை. பேட்ஜ் அணிந்து, மற்றபடி மாற்றம் ஏதுமின்றி, புதிய புகைப்படம் ஒரு வாரத்துக்குள் அனுப்பவும். தவறினால் அறை பூட்டப்படும்.'

மறுநாளே அதே சுவரோரம் வந்து நின்றார்கள். கையில் நான்கு பேட்ஜ், நான்கு ஊக்கு. எதில் குத்துவது என்று பேச்சு வந்தது. சட்டையில் குத்துவதுதான் வழக்கம் என்றார் வீரபாகு.

"சட்டை போட்டா மாற்றம் ஆயிடும்யா," என்றார் ஏகாம்பரம். "லெட்டர்ல பேட்ஜ்னுதான் இருக்கு. சட்டைன்னு ஒரு எழுத்து இருக்குதா, நீயே பாரு."

வீரபாகு பார்த்தார். இல்லை.

தணிகாசலம் தன் மிஷினை நினைத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, "குத்துய்யா," என்றார். ஏகாம்பரம் குத்தினார். தலைவர் நின்ற இடத்திலேயே நுனிக்காலில் ஒரு சாண் உயர்ந்து, மெதுவாகப் பழைய உயரத்துக்கு வந்தார்.

கோதண்டம் இரண்டடி பின்னால் போய், தைத்து முடித்த சட்டையைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"தலைவரே, இடது பக்கம் கால் இஞ்ச் இறங்கியிருக்கு. பிரிச்சுட்டு மறுபடி குத்திடலாம்."